அந்நிய மண்ணில் ஒரு மதுச்சாலை

கடல் கடந்து சென்று வேற்று நாட்டிற் குடிபுகும் ஒருவன் தன் சீவனத்துக்கு என்ன செய்யலாம்? சமைக்கத் தெரிந்தால் உணவுச்சாலை வைக்கிறான். தைக்கத் தெரிந்தால் தையற்கடை வைக்கிறான். கொஞ்சம் பேசவும், பிறர் பேசுவதை நெடுநேரம் சலியாமற் கேட்கவும் மட்டுமே தெரிந்தவன் என்ன செய்வான்? மேலை நாட்டவர் பலர் இக்கேள்விக்குக் கண்ட விடை ஒன்றுண்டு. பத்துப் பதினைந்து பேர் இருக்கக்கூடிய ஒரு சிறு மதுச்சாலையைத் திறந்து, அதற்கு ஒரு பெயரைச் சூட்டி, வாயிலில் விளக்கேற்றி வைத்தல். அவ்வாறு திறந்தவர்களிற் சிலர் செல்வரானார்கள். பலர் கைப்பொருள் இழந்தார்கள். இரண்டொருவர் சரித்திரத்தில் இடம் பெற்றார்கள். அவர்களின் கதையையும், அவர்கள் தம் கடைகளுக்குப் பெயர் வைத்த விதத்தையும் இன்று சிறிது ஆராய்வோம்.

"வானொலியில் மதுக்கடையைப் பற்றியா பேச்சு?" என்று முகஞ்சுளிக்கும் நேயர்கள் இருக்கக்கூடும். குடியைப் புகழ்வது நமது நோக்கமன்று. குடியினால் அழிந்த குடும்பங்கள் நம் ஊர்களிலும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. நமக்கு இங்கே பொருளாவது குடியேறியவனின் தொழில். ஒரு விஷயத்தை மட்டும் நினைவூட்டலாம். நம் நாட்டுத் தமிழில் வழங்கும் 'தவறணை' என்ற சொல்லே ஐரோப்பியரோடு கப்பலேறி வந்த சொல். கடையோடு பெயரும் கடல் கடக்கும் என்பதற்கு அதனினும் அண்மையான சான்று நமக்கு வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் வழங்கும் 'பார்' என்ற சொல்லோ, விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையிலே கிடக்கும் குறுக்கு மரத்தைக் குறித்துப் பின்னர் கடைக்கே பெயராயிற்று.

அந்த மரத்தைக்கூட விடாமற் கப்பலில் ஏற்றிச் சென்றவர்கள் உண்டு. பாரிஸ் மாநகரின் ஒப்பெரா நாடகசாலைக்கு அண்மையில் தோனூ வீதி என்றொரு குறுகிய வீதி இருக்கிறது. அங்கே ஐந்தாம் இலக்கக் கட்டடத்தில் 1911ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆந் திகதி ஒரு மதுச்சாலை திறக்கப்பட்டது. அதைத் திறந்தவர் தொட் ஸ்லோன் என்ற அமெரிக்கர். அவர் குதிரைப் பந்தயச் சவாரிக்காரர். குதிரையின் கழுத்தோடு ஒட்டிக் குனிந்து, குறுகிய மிதிபடியில் கால் வைத்துச் சவாரி செய்யும் முறையை இங்கிலாந்திற் பரப்பியவர்களில் முதன்மையானவர். பந்தயங்களிற் பணம் கட்டினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் அந்நாட்டில் அவருக்குச் சவாரி அனுமதி மறுக்கப்பட்டது. தொழிலை இழந்த அவர் கிளான்சி என்ற நியூயோர்க் மதுச்சாலைக்காரரோடு கூட்டுச் சேர்ந்தார். மன்ஹற்றனில் இருந்த மதுச்சாலையின் மரவேலைப்பாடுகளை, சுவர்ப்பலகை முதலியவற்றோடு கழற்றி, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கச் செய்து, பாரிஸிலே மீண்டும் பொருத்தினார்கள். கடைக்கு 'நியூயோர்க் பார்' என்று பெயரும் வைத்தார்கள்.

பாரிஸில் மரத்துக்கா பஞ்சம்? தச்சர்களுக்கா பஞ்சம்? இரண்டுக்குமில்லை. ஆனால் ஊரை விட்டு வந்தவன் விலை கொடுத்து வாங்குவது பானத்தை மட்டுமன்று. தன் ஊரில் எந்த உயரத்தில் முழங்கையை ஊன்றி நின்றானோ அதே உயரத்தில் மறுபடியும் ஊன்றி நிற்பதற்காகவும் அவன் காசு கொடுக்கிறான். பிரெஞ்சுக்காரர் மேசையைச் சுற்றி அமர்ந்து வீதியைப் பார்த்தபடி அருந்துவார்கள். அமெரிக்கரோ வீதிக்கு முதுகைக் காட்டி, நீண்ட மரத்தின் முன் நின்று, ஊற்றுபவனோடு கதைத்தபடி அருந்துவார்கள். இந்த வேறுபாட்டை ஸ்லோன் உணர்ந்திருந்தார். கடையை நடத்தும் கணக்கு வழக்கில்தான் அவர் தேறவில்லை. செலவாளியான அவர் விரைவிலே கடையைக் கைவிட நேர்ந்தது.

அந்தக் கடையில் ஆரம்பத்திலேயே பானங் கலப்பவராக வேலைக்கு அமர்ந்தவர் ஹாரி மக்கெல்ஹோன். ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரிலே 1890இற் பிறந்தவர். இடையில் நியூயோர்க்கில் வேலை பார்த்தார். முதலாம் உலக யுத்தத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவிற் சேவை செய்தார். பின்பு இலண்டனிலும் பெயர் பெற்றார். 1923ஆம் ஆண்டு பெப்ரவரியிலே, தாம் ஒருகாலத்திற் கூலிக்கு நின்ற அதே கடையை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் பழைய பெயரை அழிக்கவில்லை. அதன் முன்னே தம் பெயரைச் சேர்த்தார். 'ஹாரியின் நியூயோர்க் பார்' என்றாயிற்று.

இந்தப் பெயரைச் சற்று நின்று நோக்குவோம். உரிமையாளர் ஸ்கொத்லாந்துக்காரர். இருப்பது பிரான்சில். பெயரோ அமெரிக்க நகரத்தினுடையது. பொய்யென்று சொல்லலாமா? மரவேலை உண்மையாகவே நியூயோர்க்கிலிருந்து வந்தது என்று வாதிடலாம். எனினும் அது சட்டத்தரணியின் வாதம். உண்மை வேறு. 'நியூயோர்க்' என்ற சொல் யார் வரவேண்டும் என்பதைச் சொல்லுகிறது. 'ஹாரி' என்ற சொல் வந்தால் யார் வரவேற்பார் என்பதைச் சொல்லுகிறது. பிறந்த மண்ணின் பெயரை மட்டும் தாங்கிய கடைகள் ஆயிரம் இருக்கலாம். அவற்றில் எதுவும் எவருடையதுமன்று. உரிமையாளரின் பெயரை மட்டும் தாங்கிய கடையோ, அவரை அறியாத பிரயாணிக்கு ஒன்றையும் உணர்த்தாது. இரண்டும் சேர்ந்தபோதுதான் பெயர் வேலை செய்யத் தொடங்கிற்று.

அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. கடையின் பெயரை அமெரிக்கர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் வாடகை மோட்டார்க்காரனுக்குச் சொல்லவேண்டியது முகவரியை அல்லவா? பிரெஞ்சு மொழியை ஆங்கில நாவினால் உச்சரித்தால் பாரிஸ் சாரதி தோளைக் குலுக்கிவிட்டு வேறெங்கோ கொண்டுபோய் விடுவான். இதற்கு மக்கெல்ஹோன் செய்த உபாயம் விளம்பரக் கலையின் சிறந்த உதாரணங்களில் ஒன்று. பாரிஸில் வெளிவந்த ஆங்கிலப் பத்திரிகையிலே, சாரதியிடம் 'சாங்க் ரூ டோ நூ' என்று சொல்லுங்கள் என்று விளம்பரஞ் செய்தார். எழுத்துக்களை ஆங்கிலமாகப் படித்தால் முதற்சொல்லுக்கு 'மூழ்கிற்று' என்று பொருள், மூன்றாவது பெண்மான், மற்றவை வெறும் ஓசை. சேர்த்து உரக்கச் சொன்னால், 'ஐந்து, தோனூ வீதி' என்ற பிரெஞ்சு முகவரி ஏறத்தாழச் சரியாகவே காதில் விழும். பொருள் அறியாமல் ஓசையை மட்டும் உதிர்த்து வாயிலுக்கு வந்து சேர்ந்தார்கள் அமெரிக்கர்கள். அந்த நான்கு சொற்களும் காலப்போக்கிற் கடைக்கு இரண்டாவது பெயராகவே நிலைத்துவிட்டன. வேற்று நாட்டில் கடை வைப்பவர் இதிலிருந்து ஒன்று கற்கலாம். பெயரைத் தாளில் எழுதிப் பார்த்தாற் போதாது. பாதையிலே நிற்கும் அந்நியனிடம், இரவில், மழையில், உரத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

வாடிக்கையாளர் எங்கிருந்து வந்தார்கள்? இங்கேதான் பெயரின் வலிமையினும் பெரிய சக்திகள் இரண்டு குறுக்கிடுகின்றன. ஒன்று சட்டம். 1920 சனவரியிலிருந்து 1933 திசம்பர் வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவியது. தன் நாட்டிற் கள்ளத்தனமாகக் குடிக்க வேண்டியவன் பாரிஸிலே தலைநிமிர்ந்து குடிக்கலாம். மற்றையது நாணயமாற்று. முதலாம் யுத்தத்துக்கு முன் ஓர் அமெரிக்க டொலருக்கு ஐந்து பிராங்குக்குச் சற்றே கூடுதலாகக் கிடைத்தது. 1926ஆம் ஆண்டு யூலையில் அதே டொலருக்கு ஐம்பது பிராங்கு வரை கிடைத்தது. நியூயோர்க்கில் குமாஸ்தாவாக இருந்தவன் பாரிஸிற் பிரபுவாக உலாவினான். எழுத்தாளர், ஓவியர், பத்திரிகை நிருபர், படிப்பை முடித்த செல்வர் வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே வந்திறங்கியது. 1929இல் நியூயோர்க்கின் பங்குச் சந்தை சரிந்தபோது அவர்களிற் பெரும்பாலோர் கப்பலேறித் திரும்பினார்கள். அந்நிய மண்ணில் தன் நாட்டாரை நம்பிக் கடை வைத்தவன் இரண்டு நாடுகளின் நிதியமைச்சர்களுக்கும் அடிமை. அவன் பெயர்ப்பலகையில் எவ்வளவு பொன் பூசினாலும் அது மாறாது.

மக்கெல்ஹோன் இந்த அலையைத் தாண்டி நின்றார். அதற்கு ஒரு காரணம், தம் கடையை அவர் ஒரு சங்கம்போல ஆக்கியிருந்தமை. 1924 முதல் அமெரிக்க சனாதிபதித் தேர்தல் நடைபெறும் காலங்களில் அங்கே வரும் அமெரிக்கர்கள் மாதிரி வாக்களிக்கும் வழக்கம் ஒன்று உண்டாயிற்று. தூதரகத்தில் ஒருவனுக்கு முத்திரை குத்தப்பட்ட தாள் கிடைக்கிறது. இந்தக் கடையிலோ, தன் நாட்டின் வாதத்தில் தானும் ஒரு கட்சி என்ற உணர்வு கிடைக்கிறது. அவர் 1958இற் காலமானார். கடை பின்பும் அவர் குடும்பத்தாரிடமே தலைமுறை தலைமுறையாக இருந்து வந்துள்ளது.

இனி, கடை திறப்பதற்கு உரிய சட்டதிட்டங்களைச் சிறிது சொல்லுவோம். பெயரைப் பற்றிப் பேசுவது இனிமை; அனுமதிப்பத்திரத்தைப் பற்றிப் பேசுவது அலுப்பு. ஆனால் பெயரால் மூடப்பட்ட கடைகள் அரிது. அனுமதிப்பத்திரத்தால் மூடப்பட்டவை ஏராளம்.

இன்றைய பிரான்சிலே எல்லா வகை மதுவையும் விற்பதற்கு நான்காம் வகை அனுமதிப்பத்திரம் வேண்டும். பொதுவாக அதைப் புதிதாக உண்டாக்க முடியாது. ஏற்கனவே உள்ள ஒன்றை மற்றொருவரிடமிருந்து வாங்கவேண்டும். ஆகையால் கதவை மூடும் பழைய கடைக்காரரின் கையிலிருக்கும் அந்தத் தாள், மேசை நாற்காலிகளினும் விலையுயர்ந்த பொருளாகி விடுகிறது. கடை நடத்தவிருப்பவர் அதற்கென விதிக்கப்பட்ட பயிற்சியைப் பெறவேண்டும். அது பத்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். திறப்பதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பாவது அதிகாரிகளுக்கு அறிவிக்கவும் வேண்டும். பாடசாலை, வைத்தியசாலை முதலியவற்றின் அயலிற் கடை வைப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு எல்லைகளும் உண்டு.

யப்பான் நாட்டின் முறை முற்றிலும் வேறு. அங்கே சிறு மதுச்சாலை என்பது மிகச் சிறியது. தோக்கியோவின் சிஞ்சுக்குப் பகுதியிலே 'கோல்டன் கை' என்னும் ஒடுங்கிய சந்துகளில் இருநூறுக்கு மேற்பட்ட கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பல கடைகளில் ஏழெட்டுப் பேருக்கு மேல் அமர இடமில்லை. இத்தகைய கடையைத் திறப்பவர் சுகாதார நிலையத்தின் அனுமதியைப் பெறவேண்டும். அவர்கள் வந்து கழுவு தொட்டியையும் தண்ணீர்க் குழாயையும் பார்வையிடுவார்கள். நள்ளிரவுக்குப் பின்னும் மது வழங்குவதாயின், பத்து நாள் முன்னதாகப் பொலிசாருக்குக் கடையின் வரைபடத்தோடு அறிவிக்கவேண்டும். ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்த தடுப்பு உள்ளே இருத்தலாகாது. வெளிச்சம் இருபது 'லக்ஸ்' அளவிற் குறையலாகாது. இவையெல்லாம் யப்பானியருக்கும் அந்நியருக்கும் பொது. அந்நியருக்கென்றே உள்ள பெருந்தடை குடிவரவு விதியில் இருக்கிறது. தொழில் நடத்துவதற்கான வதிவிட அனுமதிக்கு ஐம்பது இலட்சம் யென் மூலதனம் போதும் என்றிருந்த விதி 2025 ஒக்டோபரிலே மாற்றப்பட்டது. இப்போது மூன்று கோடி யென் காட்டவேண்டும். முழுநேர ஊழியர் ஒருவரையேனும் அமர்த்தவும் வேண்டும். எட்டுப் பேர் அமரும் கடைக்கு மூன்று கோடி! அந்தச் சந்துகளில் அந்நியரின் பெயர்ப்பலகை இனி எளிதில் எழாது என்றே தோன்றுகிறது. பணம் உள்ளவன் அத்தனை சிறிய கடையை விரும்பான். விரும்புகிறவனிடம் அத்தனை பணம் இராது.

மறுபடி பெயர்களுக்கு வருவோம். பாரிஸ் 'ஹாரி' தம் பெயரைத் தாமே வைத்தார். வெனிஸ் நகரத்து 'ஹாரி'யோ கடைக்காரரே அல்லர். சிப்ரியானி குடும்பத்தார் சொல்லும் வரலாறு இது. யுசெப்பே சிப்ரியானி வெனிஸ் விடுதி ஒன்றிலே பானங் கலப்பவராக வேலை செய்தார். அங்கே ஹாரி பிக்கறிங் என்ற பொஸ்ரன் நகரத்து இளைஞர் தங்கியிருந்தார். அவர் குடித்துச் சீரழிவதை அறிந்த வீட்டார் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். விடுதிக் கணக்கைத் தீர்க்கவும் ஊர் திரும்பவும் வழியின்றித் தவித்தவருக்குச் சிப்ரியானி தம் சேமிப்பிலிருந்து பத்தாயிரம் லீரா கடன் கொடுத்தார். நெடுநாள் எந்தச் செய்தியுமில்லை. ஒருநாள் அந்த இளைஞர் திரும்பி வந்தார், கடனைத் தீர்த்தார், அதற்கு மேலும் நாற்பதாயிரம் லீராவை வைத்து, "ஒரு கடை திறவுங்கள், ஹாரியின் பார் என்று பெயர் வையுங்கள்" என்றாராம். 1931ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி, கயிறு சேமித்து வைத்த பழைய கிடங்கொன்றிலே கடை திறந்தது. மறு ஆண்டு பிறந்த மகனுக்குச் சிப்ரியானி 'அர்ரிகோ' என்று பெயரிட்டார். ஹாரி என்ற பெயரின் இத்தாலிய வடிவமே அது. மனிதனின் பெயரைக் கடைக்கு வைப்பது உலக வழக்கு. கடையின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தது அங்கேதான். அந்நிய நாட்டுப் பெயரை உள்நாட்டவர் தம் கடைக்குச் சூட்டினால் அதுவும் ஒருவகை விருந்தோம்பலே. வெளிநாட்டுப் பிரயாணி அந்தப் பலகையைக் கண்டதும் தன் மொழி உள்ளே செல்லுபடியாகும் என்று அறிந்துகொள்ளுகிறான்.

கியூபாவின் ஹவானா நகரிலே நடந்தது இதற்கு நேர் மாறு. அங்கே கடைக்காரருக்குப் பெயர் வைக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. ஹோசே அபெயால் என்பவர் ஸ்பெயின் நாட்டுக் கலீசியாவிலிருந்து 1904இற் கியூபாவுக்கு வந்தவர். பின்பு அமெரிக்காவிலே சில ஆண்டுகள் மதுச்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு 1918 அளவில் ஹவானாவுக்குத் திரும்பினார். ஒரு சிறு பலசரக்குக் கடையையும் மதுச்சாலையையும் ஒன்றாக நடத்தினார். அமெரிக்காவில் அவரோடு பழகிய நண்பர்கள் வந்து பார்த்தார்கள். கடையின் அலங்கோலத்தைக் கண்டு நகைத்தார்கள். ஹோசே என்ற பெயர் அவர்கள் நாவிலே 'ஜோ' ஆயிற்று, அலங்கோலம் அடைமொழியாயிற்று. 'ஸ்லொப்பி ஜோ', அதாவது 'ஊத்தை ஜோ' என்று நாம் சொல்லலாம். அபெயால் கோபங்கொண்டு சண்டை பிடித்திருக்கலாம். அவரோ அந்த வசையையே பலகையில் எழுதித் தொங்கவிட்டார். மதுவிலக்கிலிருந்து தப்பிக் கப்பல் கப்பலாக வந்த அமெரிக்கர்களுக்கு அந்தப் பெயர் பழைய சிநேகிதனைப்போல ஒலித்தது. கடை பெருகிப் பெருகி, மிக நீண்ட மரமேடையுடைய புகழ்பெற்ற மண்டபமாயிற்று. ஊத்தை போயிற்று; பெயர் போகவில்லை.

பெயர் அங்கேயும் நிற்கவில்லை. கடலுக்கு இப்பால், புளோரிடாவின் கீ வெஸ்ற் தீவிலே, ஜோ றசல் என்பவர் மதுவிலக்கு நீங்கிய நாளாகிய 1933 திசம்பர் 5ஆந் திகதி தம் மதுச்சாலையைத் திறந்தார். அவர் நண்பராகிய எழுத்தாளர் ஹெமிங்வேயின் தூண்டுதலால் ஹவானாக் கடையின் பெயர் அதற்கும் வந்தது. 1937இல் வீட்டுக்காரர் வாரவாடகையை மூன்று டொலரிலிருந்து நான்கு டொலருக்கு உயர்த்தினார். றசல் இணங்கவில்லை. வாடிக்கையாளரே மேசை கதிரைகளைத் தூக்கி வேறொரு கட்டடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். பெயரையும் கூடவே எடுத்துச் சென்றார்கள். ஹவானாவின் மூலக்கடை, கியூபாப் புரட்சிக்குப் பின் 1960களில் மூடப்பட்டு, 2013இல் மீண்டும் திறக்கப்பட்டது. மூலம் உறங்கிய காலமெல்லாம் நகல் விழித்திருந்தது.

இன்னொரு பெயர் திரைப்படத்திலிருந்து வந்தது. 'கசபிளங்கா' என்னும் அமெரிக்கப் படம் 1942இல் வெளியாயிற்று. மொறொக்கோவிலே கடை நடத்தும் அமெரிக்கர் ஒருவரின் கதை அது. படமெடுத்த இடமோ ஹொலிவூட். கசபிளங்கா நகரில் அத்தகைய கடை இருந்ததேயில்லை. ஆனாலும் அங்கே செல்லும் பிரயாணிகள் 'றிக்கின் கடை எங்கே?' என்று கேட்டவண்ணம் இருந்தார்கள். அந்நகரில் அமெரிக்க அரசின் வர்த்தக அலுவலராகச் சேவை செய்த கதி கிறீகர் என்ற அம்மையார், 2001ஆம் ஆண்டு செப்ரெம்பர்த் தாக்குதல்களுக்குப் பின் உத்தியோகத்தைத் துறந்தார். அமெரிக்கருக்கும் முஸ்லிம் நாடுகளுக்குமிடையே அச்சம் பரவிய அக்காலத்தில், ஓர் அமெரிக்கப் பெண் தனியாக மொறொக்கோவிலே கடை திறக்கலாம் என்று காட்ட விரும்பினார். நண்பர்களிடம் பங்குப் பணம் திரட்டினார். 2003 மே 16ஆந் திகதி அந்நகரிலே குண்டுகள் வெடித்து முப்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் மாண்டார்கள். தாக்கப்பட்ட இடங்களில் ஓர் உணவு விடுதியும் ஒன்று. அன்றைய நிலையில் கைவிட்டிருந்தால் எவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார். அவர் கைவிடவில்லை. 2004 மார்ச் முதலாந் திகதி, பழைய நகர மதிலோரத்து மாளிகையொன்றில் 'றிக்ஸ் கஃபே' திறந்தது. 2018இல் அவர் மறையும் வரை அங்கேயே இருந்தார். கற்பனைப் பெயருக்கு உண்மையான கட்டடத்தைக் கொடுத்தமையே அவர் செய்த காரியம்.

கடைசியாக, பாரிஸின் மொன்மார்த்தர்ப் பகுதிக்குத் திரும்புவோம். அமெரிக்காவிற் கறுப்பு நிறத்தவருக்குப் பெருநகரின் நல்ல வீதிகளிற் கடை வைப்பது கனவாக இருந்த காலத்தில், பாரிஸ் அவர்களுக்கு வாயில் திறந்தது. 1924இல் 'லு கிறாண்ட் டியூக்' என்ற சிறு கடைக்குப் பாட்டுக்காரியாக வந்தவர் ஏடா சிமித். செந்நிறத் தலைமயிர் காரணமாக 'பிறிக்ரொப்', அதாவது 'செங்கல் தலை' என்ற பட்டப்பெயர் பெற்றவர். வந்து இறங்கிய அன்று, பெயரின் ஆரவாரத்தை நம்பி வந்தவர், அறையின் சிறுமையைக் கண்டு அழுதுவிட்டார். சமையலறையில் வேலை செய்த இளைஞர் ஒருவர் உணவு கொடுத்து அவரைத் தேற்றினார். அவ்விளைஞர் பின்னாளிற் புகழ்பெற்ற கவிஞர் லாங்ஸ்ரன் ஹியூஸ். சில ஆண்டுகளில் அம்மையார் சொந்தக் கடை திறந்தார். பட்டப்பெயரே கடையின் பெயராயிற்று. ஐரோப்பாவின் பிரபுக்கள் அவர் மேசைகளில் இடத்துக்காகக் காத்திருந்தார்கள். 1939இல் யுத்தம் அவரை வெளியேற்றிற்று. பின்பு மெக்சிக்கோவிலும் ரோமிலும் அதே பெயரைத் தூக்கி நிறுத்தினார். ஊர் மாறினாலும் தலைமயிர் கூடவே வந்ததல்லவா?

'லு கிறாண்ட் டியூக்' கடையை அக்காலத்தில் நிருவகித்தவர் யூஜீன் புல்லார்ட். அவர் ஜோர்ஜியா மாநிலத்தில் 1895இற் பிறந்தவர். இனவெறிக்கு அஞ்சிச் சிறுவயதிலேயே வீட்டை விட்டோடி, 1912இல் ஒரு கப்பலில் ஒளிந்து ஸ்கொத்லாந்தை அடைந்தார். குத்துச்சண்டை வீரராகப் பாரிஸுக்கு வந்தார். 1914இல் பிரெஞ்சு அந்நியர் படையிற் சேர்ந்து போரிட்டார், வெர்டூனிலே படுகாயமடைந்தார், 1917இல் பிரெஞ்சு விமானப் படையிலே போர் விமானியானார். அமெரிக்கா யுத்தத்திற் புகுந்தபோது அந்நாட்டு விமானப் பிரிவு அவரை ஏற்கவில்லை, காரணம் நிறம். யுத்தம் முடிந்தபின் மொன்மார்த்தரின் இரவுக்கடைத் தொழிலில் இறங்கிய அவர், நாளடைவிற் சொந்தமாக ஒரு கடை திறந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'எஸ்காட்றீல்'. 'விமானப் படைக் குழு' என்பது அதன் பொருள். தாய்நாட்டின் பெயரையும் வைக்கவில்லை. தம் பெயரையும் வைக்கவில்லை. தம்மை மனிதராக மதித்து விமானம் ஏற்றிய படையின் பெயரைப் பலகையில் எழுதினார்.

இரண்டாம் யுத்தம் நெருங்கியபோது ஜேர்மானியர் பலர் அந்தக் கடைக்கு வந்தார்கள். கறுப்பு மனிதர் ஒருவருக்கு ஜேர்மன் மொழி விளங்கும் என்று அவர்கள் எண்ணவில்லை. புல்லார்டுக்கோ நன்றாக விளங்கும். கேட்டவற்றைப் பிரெஞ்சு அதிகாரிகளிடம் சேர்ப்பித்தார். பிறர் பேசுவதைச் சலியாமற் கேட்பது இத்தொழிலுக்கு வேண்டிய குணம் என்று தொடக்கத்திற் சொன்னோம். அது தேசசேவையாகவும் ஆன இடம் இது. 1940இல் ஜேர்மானியர் பிரான்சுக்குள் நுழைந்தபோது நாற்பத்து நான்கு வயதிலே மீண்டும் துவக்கெடுத்தார், மறுபடி காயமடைந்தார், ஸ்பெயின் வழியாகத் தப்பி நியூயோர்க் சேர்ந்தார். பாரிஸிலே பெயரும் புகழும் பெற்றவரை அங்கே எவரும் அறியவில்லை. யுத்தம் முடிந்தபின் கடையைத் திரும்பப் பெற முயன்றார், இயலவில்லை. பிரெஞ்சு அரசு கொடுத்த நட்டஈட்டைக் கொண்டு ஹார்லம் பகுதியில் ஒரு வீடு வாங்கிக்கொண்டார்.

பிரான்சு அவரை மறக்கவில்லை. 1954இற் பாரிஸுக்கு அழைத்து, பெயரறியா வீரனின் சமாதியிலுள்ள அணையா விளக்கை ஏற்றச் செய்தது. 1959இல் மிக உயர்ந்த விருதாகிய 'லெஜியோன் தொனர்' பட்டத்தை அளித்தது. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையமொன்று அவரைப் பேட்டி கண்டது. அவரை அழைத்துவர வாகனம் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. அந்த ஒலிபரப்பு நிலையம் இருந்த றொக்பெல்லர் மாளிகையிலேதான் அவர் மின்தூக்கி இயக்குபவராக வேலை செய்துகொண்டிருந்தார். பணியுடையோடே பேட்டிக்கு வந்தார். ஈராண்டுகள் கழித்து, 1961இல் அவர் காலமானார். அமெரிக்க விமானப்படை அவருக்கு அதிகாரிப் பதவியை வழங்கியது 1994இல்.